ஈரம் புகாத குண்டு

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
செப்டம்பர் 7, 1997

அன்புள்ள வசந்தா,

நீங்கள் வாங்கிய பழைய படத்தில் இருப்பவர் யாரென்று உறுதியாகிவிட்டது. பெயர் ஆல்பிரெக்ட் லிண்டனாவ். பிரஷ்ய ராணுவத்தின் பீரங்கிப் படையில் கேப்டன். ஆதாரம், பெர்லினில் 1845-இல் அச்சான படைப்பிரிவு வரலாறு ஒன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. அங்கே வேலை பார்க்கும் ஜலஜா என்கிற பாலக்காட்டுப் பெண் வரி வரியாகப் படித்துச் சொன்னார். நீ அனுப்பிய நகலில் உள்ள அதே மீசை, அதே காலர் பட்டை, கீழே அதே பெயர். சந்தேகம் இல்லை.

பிரஷ்யா என்பது இன்றைய ஜெர்மனியின் வடக்கில் இருந்த அரசு என்பதை வெண்பா தன் ஸ்கூல் ப்ராஜெக்டில் முதலிலேயே எழுதிவிடட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது.

லிண்டனாவ் பிறந்தது 1812. அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். குதிரைப் படைக்குப் பிரபு வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். பீரங்கிப் படைக்குக் கணக்குத் தெரிந்தால் போதும். அதனால் பதினேழு வயதில் அங்கே சேர்ந்தார். அவர் பெயர் வெளியே தெரிந்தது போரால் அல்ல, மழையால். ரைன் நதிக்கரையில் போர் ஒத்திகை. விடாத மழை. சுட்ட குண்டுகளில் பாதிக்கு மேல் வெடிக்காமல் சேற்றில் புதைந்தன. உள்ளே இருந்த வெடிமருந்து நனைந்துவிட்டது. லிண்டனாவ் குண்டின் வாயைப் பித்தளைத் திருகாணியால் மூடி, மெழுகும் கீல் என்கிற தாரும் கலந்து பூசினார். ஒரு குளிர்காலம் முழுவதும் கிணற்றுக்குள் போட்டு வைத்து எடுத்துச் சுட்டபோதும் அவை வெடித்தன. அதற்குத்தான் கேப்டன் பதவி.

எப்போது, ஏன் உங்கள் டெக்சாஸுக்கு வந்தார் என்பது இன்னும் தெரியவில்லை. டெக்சாஸ் ஜெர்மன்காரர்களைப் பற்றிய சிறு அருங்காட்சியகம் ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் பதில் வரும்.

நீ சொன்னபடி நீ வேலை பார்க்கும் குழந்தைகள் டேகேர் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. ஒரு மீசைக்காரனுக்காகவாவது அண்ணன் நினைவு வந்ததே, அம்மிணி.

நெடுஞ்செழியன்

*

கேட்டி, டெக்சாஸ்
செப்டம்பர் 14, 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெண்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'மாமா இஸ் லைக் எ டிடெக்டிவ்' என்று குதித்தாள். அவள் அப்பா உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பதினோரு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, இந்த வீட்டில் எந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பக்கம் நின்றும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்ததை நீங்கள் பேப்பரில் எழுதியது பொய் என்று அவரும் சொல்வதில்லை. அழுத்தம் ஏறினால் திறக்க வேண்டிய வால்வைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், இரண்டு பேர் செத்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பட்டறையை நடத்தி ஜெயிலுக்குப் போனது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். எழுதியது பெண் கொடுத்த வீட்டு மச்சான். பதினோரு வருஷம் ஆனாலும் அது அவருக்குத் தொண்டையில்தான் நிற்கிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்கிறேன். கடிதம் போதும்.

நீங்கள் எழுதிய மழைக் கதையை வாசித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே கொலம்பஸ் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வயதான ஜெர்மன் அம்மா வீட்டைக் காலி செய்யும்போதுதான் அவர் அந்தப் படத்தை வாங்கினார். அந்த அம்மா கூடவே ஓர் இரும்புக் குண்டையும் கொடுத்தது. 'டேக் இட் ஹனி, ஐ கான்ட் லிஃப்ட் இட் எனிமோர்' என்றதாம். சின்னப் பூசணிக்காய் அளவு. முழுக்கத் துரு. கார் நிறுத்தும் கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். வெண்பா அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ லேஸ் கட்டுவாள். இதுவும் உங்கள் கேப்டனுடையதுதானோ என்னவோ? ப்ராஜெக்டில் அதையும் வைக்கலாமா என்று கேட்கிறாள்.

வசந்தாமணி

*

மான்மவுத் ஜங்ஷன்
செப்டம்பர் 18, 1997

வசந்தா,

முதலில் இதைச் செய். அந்தக் குண்டை யாரும் நகர்த்த வேண்டாம். வெண்பா அதன் பக்கம் போக வேண்டாம். கதவு திறந்தபடியே கிடக்கட்டும்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன். தெரிந்தது: அந்தக் காலத்துக் குண்டுகளில் இரண்டு வகை. ஒன்று கெட்டி இரும்பு. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், தப்பில்லை. இன்னொன்று உள்ளே கூடாக இருந்து, மருந்து அடைத்தது. தெரியாதது: உன் வீட்டில் இருப்பது எந்த வகை. தூக்காமல், உருட்டாமல், டார்ச் அடித்துப் பார். எங்காவது காசு அளவில் ஒரு வட்டம் தெரிகிறதா? பித்தளை நிறத்தில் ஒரு திருகாணி, ஒரு மூடி? இருந்தால் எழுது. தொட்டுப் பார்க்காதே.

கேப்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் கிடைத்தது. 1848 மார்ச்சில் பெர்லின் மக்கள் தெருவில் தடுப்பு கட்டி அரசருக்கு எதிராக நின்றார்கள். லிண்டனாவை பீரங்கிகளோடு வரச் சொன்னார்கள். அவர் வந்தார். ஆனால் தடுப்புக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, திரியில் நெருப்பு வைக்கும் உத்தரவைக் கொடுக்கவில்லை. நீதிமன்றம் போகாமல் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கப்பல் ஏறி டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். இதெல்லாம் ஜலஜா பார்த்த இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து போனில் பேசினார்கள். அங்கிருப்பவர் மிஸஸ் போமன் என்ற பெண்மணி. லிண்டனாவ் என்ற பெயரைச் சொன்னதுமே அவருக்குத் தெரிந்திருந்தது. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கேயும் அவரைக் குண்டு செய்ய வைத்தார்கள், அவருக்கு விருப்பமில்லாமல், என்று மட்டும் சொன்னார். மற்றதைப் பழைய பத்திரிகையில் சரி பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் முதல் வாரம் ஆகுமாம்.

சுட வேண்டாம் என்று நின்ற மனுஷன், குண்டு செய்யும்போது அதைச் சரியாகச் செய்யாமல் விட்டிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அப்படிச் செய்யத் தெரியாத ஆள் என்றே எனக்குப் படுகிறது.

அண்ணன்

*

கேட்டி
அக்டோபர் 3, 1997

அண்ணா,

பித்தளை மூடி இருக்கிறது.

துரு மேலே படிந்து கிடக்கிறது, ஆனால் வட்டம் தெளிவாகத் தெரிகிறது. மூடியைச் சுற்றி கறுப்பாக ஏதோ இறுகிப்போய் இருக்கிறது.  அந்தப் பக்கம் நான் கதவைக்கூடத் தொடாமல் ஒதுங்கிப் போகிறேன், வருகிறேன். வெண்பாவை முன்வாசல் வழியாகத்தான் விடுகிறேன்.

அவரிடம் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. லைப்ரரியில் படித்ததாகச் சொன்னேன். 

"லைப்ரரி மான்மவுத் ஜங்ஷன்லயா இருக்குது?" என்றார்.

நான் அடுப்பைத் துடைக்கத் திரும்பினேன்.

"ஏம்புள்ள, உங்கண்ணன் கண்ணுக்கு எது பட்டாலும் வெடிக்குமா? நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. ஊறுகாயே அத்தனை நாள் நிக்காது, மருந்து நிக்குமாக்கும்? நான் இருவது வருஷமா ஆயில் ஃபீல்டுல இருக்கறேன். எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"இல்லீங்க, போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி, அவங்க வந்து பார்த்துட்டா..."

"போலீஸா? கிரீன் கார்டு இன்டர்வியூ இருவதாந்தேதி. வீட்டு முன்னாடி சைரன் வெச்ச வண்டி நிக்கட்டும், வீட்டுல வெடிகுண்டுன்னு ரிப்போர்ட் எழுதட்டும், அப்புறம் நாம மூணு பேரும் திருப்பூர் போயி பனியன் மடிக்கலாம். ஒருத்தரு எழுதுன ரிப்போர்ட்டுல எங்க வீடு பட்டது போதும்."

அண்ணா, ஏழு வருஷமாக அந்த அட்டைக்காகக் காத்திருக்கிறோம். அந்தப் பயமும் பொய்யில்லை.

இப்போது அதைவிடப் பெரிய விஷயம். வரும் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அவரைத் தெரியுமே, ஊரில் அவர்கள் குடும்பச் சாயப்பட்டறையில் செய்த மாதிரியே இங்கேயும் செய்வார். வீட்டில் இருக்கிற அத்தனை இரும்பையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி போட்டுக் கும்பிடுவார். ஸ்பேனர், கார், புல் வெட்டுகிற மெஷின், ஒன்று விடமாட்டார். இந்த வருஷம் குண்டும் உண்டு. "ஆயுத பூஜைக்கு நெசமான ஆயுதமே கெடச்சிருக்குது" என்று சிரிக்கிறார். அழுக்கோடு சாமி முன்னால் வைக்க மாட்டாராம். ட்ரில்லில் கம்பி பிரஷ் மாட்டி வியாழன் மாலை துருவைத் தேய்த்து எடுக்கப் போகிறார். பிரஷ் வாங்கியாயிற்று. குண்டை அவரே தூக்கி ஒர்க் பெஞ்சில் வைத்துவிட்டார். அவர் தூக்கும்போது நான் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் குண்டைப் பார்த்துப் பயமா, அவரைப் பார்த்துப் பயமா, அந்த இன்டர்வியூவைப் பார்த்துப் பயமா என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சத்தம் போடாமல் சொல்லுங்கள்.

வசந்தா

*

மான்மவுத் ஜங்ஷன்
அக்டோபர் 8, 1997
(கூரியர் மூலம்)

வசந்தா,

லிண்டனாவ் எப்படி இறந்தார் என்பது இன்று காலை உறுதியானது. ஆதாரம், அவர் குடியிருந்த ஊரில் அப்போது ஜெர்மன் மொழியில் வெளிவந்த பத்திரிகை. மிஸஸ் போமன் போனிலேயே படித்து மொழிபெயர்த்தார். 1876 ஜூலை. அமெரிக்கச் சுதந்திர தின ஊர்வலத்துக்காக ஊர்க்காரர்கள் போர்க்காலக் குண்டு ஒன்றை அலங்காரமாக வைக்கக் கேட்டார்கள். அவர் கையால் செய்த குண்டு. பல ஆண்டு கொட்டகையில் கிடந்தது. துருவோடு கொடுக்க மனமில்லாமல், வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அரம் வைத்துத் தேய்த்திருக்கிறார். தேய்த்ததில் பொறி பறந்ததா, சூடேறியதா என்று பத்திரிகை சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற மருமகளும் இறந்துவிட்டாள்.

அதைப் படித்து முடித்துவிட்டு மிஸஸ் போமன் சொன்னார்: "அவர் செய்ததில் ஈரம் புகாது. அதுதான் அவருடைய பெருமை."

மாப்பிள்ளை சொல்கிற ஊறுகாய்க் கணக்கு மற்ற குண்டுகளுக்குச் சரியாக இருக்கலாம். இதற்கு இல்லை. மூடியைச் சுற்றி நீ பார்த்த கறுப்பு, மெழுகும் கீலும்.

உன் கடிதம் நேற்று மதியம்தான் வந்தது. நீ வேண்டாம் என்று சொல்லியும் மாலையில் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். நான் "மாப்பிள்ளை" என்றேன். "மறுபடியும் நியூஸ் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. டேகேரில் உன்னைக் கூப்பிட்டேன். நீ லீவு என்றார்கள். நாளை வருவாய் என்றார்கள். அதனால் இது.

பாய்லர் செய்தியை எழுதியதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இன்றும் அப்படியே எழுதுவேன். ஆனால் அது வெடித்த பிறகு எழுதியது. இது வெடிக்கும் முன்.

நீ செய்ய வேண்டியது: வெண்பாவை அழைத்துக்கொண்டு வெளியே போ. 911-க்குப் போன் செய். நாளை மாலை ஐந்து மணிக்குள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் இங்கிருந்து நானே உங்கள் மாவட்டப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிடுவேன். எண் வாங்கி வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு போனால் போகட்டும். நீங்கள் மூன்று பேரும் திருப்பூரில் பனியன் மடிப்பதை நான் வந்து பார்க்கிறேன்.

என் நண்பர் இனியன் வீட்டு ஃபேக்ஸ் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் அதன் பக்கத்திலேயே இருப்பேன்.

அண்ணன்

*

(ஃபேக்ஸ்)
கேட்டி, அக்டோபர் 9

அண்ணா,

ஷெரிஃபுக்குப் போன் செய்யாதீர்கள். ஒரு நாள் கொடுங்கள்.

கடிதம் டேகேருக்குக் காலையில் வந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வருவதற்குள் கராஜில் பூஜைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ட்ரில்லைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன். அரம், சுத்தியல், கம்பி பிரஷ், கை ரம்பம், எல்லாவற்றுக்கும் பொட்டு. பொட்டு வைத்துச் சாமி முன்னால் போய்விட்டால் மறுபூஜை முடிகிற வரை கருவியைத் தொடக்கூடாது என்பது அவர் வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். கடைசியாகக் குண்டுக்கும் வைத்தேன்.  பொட்டு கோணலாகிவிட்டது.

அவர் வந்து பார்த்தார். "நாளைக்குத்தானே பூஜை? இன்னைக்கே ஏன் வெச்சே?" என்றார். "வெச்சாச்சுங்க" என்றேன். ட்ரில்லை நோக்கிக் கை போனது. பொட்டைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார். "என்னமோ பண்ணிட்ட புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை மறுபூஜை. அதுவரை அவர் தொட மாட்டார்.

இதை எங்கள் தெருமுனை ஜைனுதீன் பாய் கடையிலிருந்து அனுப்புகிறேன். வெண்பா இன்று இரவு பாயின் மனைவி தாஜ் நிஷா அக்கா வீட்டில் அவர்கள் பெண் ஃபைஹாவோடு தூங்குவாள்.

வசந்தா

*

(ஃபேக்ஸ்)
மான்மவுத் ஜங்ஷன், அக்டோபர் 9

ஒரு நாள். அதற்கு மேல் இல்லை. நீயும் அந்த வீட்டில் தூங்காதே.

அண்ணன்

*

(ஃபேக்ஸ்)
கேட்டி, அக்டோபர் 10

அண்ணா,

உங்கள் மாதிரியே எழுதுகிறேன். உறுதியானது முதலில். மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். குண்டுக்குள் மருந்து நிறைந்திருக்கிறது. சொன்னவர் ஷெரிஃபின் வெடிகுண்டுப் பிரிவு ஆபீசர். கராஜுக்குள் மெஷின் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். 'பேக்ட் டு தி டாப், மேம்' என்றார்.

போன் செய்தது நானில்லை. உங்கள் மாப்பிள்ளைதான்.

நேற்று இரவு நான் வீட்டில்தான் தூங்கினேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? இன்று மதியம் பூஜைக்கு வெண்பாவைப் போய்க் கூட்டிவந்தார்.  விளக்கைக் குண்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். சூடம் இன்று வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வெண்பாவின் ப்ராஜெக்ட் போர்டும் புத்தகங்களோடு சாமி முன்னால் இருந்தது. "பூஜைல வெச்சதப் படிக்கக்கூடாது. மனப்பாடமாச் சொல்லு பாக்கலாம், யாரு இந்த மீசை?" என்று அவரே கேட்டார். வம்புக்குத்தான் கேட்டார். அவள் சொன்னாள், இங்கிலீஷில், முழுதாக. கடிகாரக்காரர் மகன், ரைன் மழை, கிணறு, பெர்லின் தெரு. சுட மாட்டேன் என்று நின்ற இடத்தில் அவர் "ம்" என்றார். பிறகு ஊர்வலம், அரம், மருமகள். நீங்கள் எழுதியதை நான் நேற்று போனில் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"அவனுக்கு என்ன வயசு அப்ப?"

"சிக்ஸ்டி ஃபோர், அப்பா. ஹி மேட் இட் ஹிம்செல்ஃப். ஹி வாஸ் தி எக்ஸ்பர்ட்."

அவர் குண்டைப் பார்த்தார். பொட்டு வைத்த பிரஷைப் பார்த்தார்.  பிறகு வெண்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். "வசந்தா, செருப்புப் போடாட்டிப் பரவால்ல, வா." தெருமுனை வரை போனோம். ஜைனுதீன் பாய் கடையில் போனை எடுத்தார். தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எஸ், இ, என், ஏ. 

நான்கு வண்டி வந்தது. தெருவையே காலி செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா நாயைத் தூக்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மெத்தை மாதிரி உடுப்புப் போட்ட ஆபீசர் உள்ளே போய்விட்டு வந்து கேட்டார்: குண்டின்மேல் சிவப்பாக ஒரு குறி இருக்கிறதே, அபாயம் என்று யார் போட்டது? நாங்கள் முழித்தோம். 'மை மாம்,' என்றாள் வெண்பா. 'இட்ஸ் சார்ட் ஆஃப் எ வார்னிங்.' அந்த நேரத்திலும் வெண்பா அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணா. அப்புறம் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு அழுதார். நான் பார்த்ததே இல்லை. "எங்கண்ணங்கிட்ட அன்னைக்கு யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா அந்தக் கம்பிய அவுத்திருப்பானா?" என்றார். என்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

விளக்கை ஆபீசர் அணைத்துவிட்டாராம். வாயால் ஊதித்தான் அணைத்திருப்பார். பரவாயில்லை.

இனி தெரியாதது. பழைய ராணுவக் குண்டு என்பதால் இவர்கள் நகர்த்த மாட்டார்களாம். ராணுவ ஆட்கள் நாளை காலை வருகிறார்கள். வீட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியுமா, இருக்கும் இடத்திலேயே வெடிக்க வைக்க வேண்டுமா என்பதை வந்து பார்த்துத்தான் சொல்வார்களாம். அவர் பெயர், விலாசம், விசா விவரம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காகிதம் இமிக்ரேஷனுக்குப் போகுமா என்று அவர் கேட்டதற்குத் தெரியாது என்றார்கள். அது இருபதாம் தேதிதான் தெரியும்.

போனில் சொல்லாமல் ஃபேக்ஸ் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. "உங்கண்ணங்கிட்ட நான்தான் பேசுவேன், நீ முந்திக்காத" என்று சொல்லியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

தெருமுனையில், மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்கள் கராஜையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜைனுதீன் பாய் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

நாளை ராணுவ ஆட்கள் வேலை முடிந்ததும் உங்களுக்குப் போன் வரும். மதியத்துக்குள் என்கிறார்கள். வீடு இருந்தால் வீட்டிலிருந்து, இல்லாவிட்டால் பாய் கடையிலிருந்து. போனை எடுங்கள், அண்ணா. முதலில் அவர் பேசட்டும்.

வசந்தா